கோடைக் கண்மாயும் கம்மி விலை ஃப்ளை ராடும்

சித்திரை பொறந்து கண்மாய்த் தண்ணி மடைப் பள்ளத்தப் பாத்து சுருங்க ஆரம்பிச்சாலே எனக்கு ஒரே மாதிரி போனா வரும். "அண்ணே, ஃப்ளை ஃபிஷிங் பழகலாம்னு இருக்கேன், பட்ஜெட் கம்மிதான், ஒரு நல்ல ராடு சொல்லுங்க." காரைக்குடிலேருந்து ஒரு தம்பி, தேவகோட்டைலேருந்து ஒரு பேங்க் சார், சிங்கப்பூர்ல வேல பாத்துட்டு லீவுக்குப் பள்ளத்தூர் வந்திருக்குற ஒருத்தர்னு ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. அதுல பாதிப் பேரு யூடியூப்ல மொன்டானா, நியூசிலாந்துன்னு வீடியோ பாத்துட்டு 9 அடி 5 வெயிட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் ராடு ஒண்ண கார்ட்ல போட்டு வச்சுக்கிட்டுத்தான் கூப்பிடுவாங்க, என்கிட்ட கேக்குறது சரின்னு ஒரு வார்த்த வாங்கத்தான். நான் சரின்னு சொல்றதில்ல. ராடு நல்ல ராடுதான், ஆனா வேற தண்ணிக்கு, வேற மீனுக்கு, வேற வெயிலுக்குன்னு செஞ்சது. நம்ம ஊர்க் கோடைய மொதல்ல புரிஞ்சுக்கிட்டா எந்த ராடுங்குறது பாதி தானாவே முடிவாயிடும், காசும் மிச்சமாகும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன். சாதாரணத் தூண்டில்ல இரையோட கனமோ ஈயக்குண்டோட கனமோதான் தங்கூஸ இழுத்துட்டுப் போகும். ஃப்ளைன்னா இறகும் நூலும் சுத்துன ஒரு முள்ளு, கனமே கிடையாது, ஊதுனாப் பறந்துடும். அதனால இங்க கனம் லைன்ல இருக்கு. பிளாஸ்டிக் பூச்சு போட்ட தடிமனான லைன், அத முன்னயும் பின்னயும் வீசுறப்ப ராடு வளைஞ்சு நிமிரும், அந்த நிமிர்ற வேகம்தான் லைனத் தூக்கிட்டுப் போயி தண்ணி மேல விரிக்கும். ராடுல எழுதியிருக்குற 4, 5, 6, 8 எல்லாமே அந்த ராடு எந்தக் கனத்து லைனுக்குன்னு சொல்ற நம்பர்.

இந்த வித்தை வளந்ததே ட்ரௌட் மீனச் சுத்தித்தான். ட்ரௌட் குளிர்ந்த தண்ணி மீன், தண்ணி 20 டிகிரி தாண்டுனாலே அதுக்குத் திணறல் ஆரம்பிச்சிடும். மொன்டானால ஆத்துத் தண்ணி தொடர்ந்து 3 நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டத் தொட்டுச்சுன்னா, அதாவது நம்ம கணக்குக்கு கிட்டத்தட்ட 23 டிகிரி, மத்தியானம் 2 மணிலேருந்து நடுராத்திரி வரைக்கும் தூண்டில் போடக்கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க, ஹூட் அவுல் தடைன்னு பேரு. தமிழ்நாட்டுல ட்ரௌட் பாக்கணும்னா நீலகிரிக்கு, அவலாஞ்சி பக்கம் ஏறணும், வெள்ளக்காரங்க 1900-கள் தொடக்கத்துல கொண்டாந்து விட்டது. இங்க காரைக்குடில சித்திரை மாசம் காலைல மொட்டமாடி டேங்க் பைப்பத் திறந்தாலே அந்த 23 டிகிரிய விட சூடாத்தான் வரும். அப்ப அவங்க 'சம்மர் டிப்ஸ்'னு சொல்றது எதுவுமே நமக்கு நேரா ஒட்டாது, ஒண்ணொண்ணா நாமதான் நம்ம தண்ணில வச்சுப் பாத்துக்கணும்.

முக்கியமானது ஆக்சிஜன். குளிர்ந்த தண்ணிதான் ஆக்சிஜன நிறையப் பிடிச்சு வச்சிருக்கும். 20 டிகிரில ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 9 மில்லிகிராம் கிட்ட கரைஞ்சிருக்கும், 30 டிகிரிக்கு வந்தா 7.5, 35-ல 7-க்கும் கீழ. அதே நேரம் சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவை கூடிக்கிட்டே போகும். வரவு கொறையுது, செலவு ஏறுது. ஓடுற ஆறா இருந்தா விடியக்காலைல தண்ணி குளிர்ந்திருக்கும், அதனாலதான் அதிகாலைல போங்கன்னு அங்க சொல்றாங்க, அது அங்க சரி. நம்ம கண்மாய் நிக்கிற தண்ணி. வைகாசில பாத்தீங்கன்னா பாசி பூத்து பச்சப்பசேல்னு இருக்கும், பகல்ல அந்தப் பாசி வெயில வாங்கி ஆக்சிஜன் விடும், ராத்திரி முழுக்க அதே பாசி ஆக்சிஜன உறிஞ்சும், அப்ப தண்ணில ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குற நேரம் எதுன்னா பொழுது விடியுறதுக்கு ஒட்டி. அந்த நேரத்துல கரைல நின்னு பாருங்க, கட்லாவும் ரோகும் வாயப் பொளந்துக்கிட்டு மேல மேல வரும். புதுசா வர்றவங்க மீன் பூச்சி எடுக்குதுன்னு ஆசையா ஃப்ளைய வீசுவாங்க. அது இரைக்கு வரல, மூச்சுக்கு வருது. ஒண்ணும் தொடாது, தப்பித் தவறித் தொட்டாலும் அந்த நெலமைல அத இழுத்துப் போராட வச்சா விட்டதுக்கப்புறம் பொழைக்காது. பச்சத் தண்ணில கெண்டை வகைக்குப் போறவங்க வெயில் சாய்ஞ்சு 4 மணிக்கு மேல போங்க, பகல் முழுக்க பாசி வேல பாத்து வச்ச ஆக்சிஜன் அப்பத்தான் தண்ணில நெறைஞ்சு இருக்கும், இருட்டுற வரைக்கும் நல்லா எடுக்கும்.

விரால் கதையே வேற. விராலும் குரவையும் காத்தக் குடிக்கிற மீனு, செவுள் மட்டும் பத்தாது, மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டுப் போகலைன்னா செத்தே போயிடும். அதனால தண்ணில ஆக்சிஜன் இல்லைங்குறது விரால அவ்வளவா பாதிக்காது. கெண்டை எல்லாம் மயங்கிக் கெடக்குற அதே விடியக்காலைல விரால் ஓரத்துக்கு வந்து தவளைக்கும் குஞ்சு மீனுக்கும் காத்துக்கிட்டு இருக்கும். கோரைக்கும் ஆகாயத் தாமரைக்கும் நடுவுல திடீர்னு ஒரு 'ப்ளக்'னு சத்தம் கேக்கும், குமிழி விட்டு வட்டம் விரியும், அது காத்து வாங்குன எடம். அந்த எடத்துலயே உடனே போடாதீங்க, கொஞ்சம் பொறுத்து, ரெண்டு மூணு அடி தள்ளிப் போட்டு மெல்ல இழுத்துக் கொண்டாங்க. நான் இந்த ஊர்ல ஃப்ளை ராடு தூக்குறதே இந்த மீனுக்காகத்தான்னு சொல்லலாம், பாப்பர்னு தண்ணி மேல மிதக்குற ஃப்ளை ஒண்ணு, அத விரால் அடிக்கிற அடியப் பாத்தவங்க அப்புறம் வேற எதையும் பெருசா நினைக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, சிவப்பா எறும்புக் கூட்டம் மாதிரி குஞ்சுங்க தண்ணி மேல கொதிச்சுக்கிட்டு இருந்தா அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்க எதப் போட்டாலும் கோவத்துல அடிக்கும், ரொம்ப சுலபமா மாட்டும். அத எடுத்துட்டா அந்தக் குஞ்சு மொத்தத்தையும் மத்த மீனும் கொக்கும் நாரையும் முடிச்சிடும். பாப்புன்னு சொல்ற அந்தக் குஞ்சுக் கூட்டத்தப் பாத்தா ராட மடக்கிட்டு வேற பக்கம் நடங்க, இதுல நான் யாருக்கும் விட்டுக்குடுத்துப் பேசுறதில்ல.

ஜிலேபி பத்தி ஒரு வார்த்த. எல்லாரும் கழிச்சுப் பேசுற மீனு, 1952-ல இலங்கைலேருந்து நம்ம பக்கத்து மண்டபம் ஊருக்குக் கொண்டாந்தது, இப்ப அது இல்லாத கண்மாய் கிடையாது. பழகுறவங்களுக்கு அத விட நல்ல வாத்தியார் இல்ல. தண்ணி வத்த வத்த ஓரத்துல சட்டி சட்டியா குழி பறிச்சு வச்சிருக்கும், கண்ணாலயே பாக்கலாம், சின்ன முள்ளுல கறுப்பு நூல் சுத்தி ரெண்டு சுத்து இறகு வச்சுப் போட்டா வெயில் நேரத்துலயும் எடுக்கும்.

காத்து அடுத்தது. ஆனி ஆடில மேற்கேயிருந்து தென்மேற்குக் காத்து நம்ம பக்கம் என்ன போடு போடும்னு தெரியும். நம்ம நெலம் கெழக்கப் பாத்து சரிவு, அதனால பெரும்பாலான கண்மாய்க்குக் கரை கெழக்குப் பக்கம், தண்ணி மேற்குப் பக்கம். கரை மேல ஏறி நின்னு தண்ணியப் பாத்தா காத்து மூஞ்சில அடிக்கும். ஃப்ளை லைன மூஞ்சிக் காத்துல விரிக்கிறது பழகுனவங்களுக்கே செரமம். ஆனா மீன் என்னமோ அந்தப் பக்கம்தான் இருக்கும், அலை மோதுற கரைல ஆக்சிஜன் கலக்கும், பூச்சியும் பாசியும் அங்கதான் ஒதுங்கும். அதனால நேரா நிக்காம கலுங்கு பக்கமோ கரை வளையுற முனையிலயோ போயி நின்னு, காத்து இடது தோள்ல படுற மாதிரி திரும்பிக்கங்க, வலது கைக்காரங்களுக்கு அதான் பாதுகாப்பு, லைன் உடம்ப விட்டு வெளிப் பக்கம் போகும். வலது தோள்ல காத்து வாங்குனீங்கன்னா முள்ளு காதுலயோ கழுத்துலயோ வந்து ஏறும். கண்ணாடி இல்லாம யாரும் வீசாதீங்க, போலராய்டு கண்ணாடின்னா இன்னும் நல்லது, தண்ணிப் பளபளப்பு போயி உள்ள இருக்குற மீனும் தெரியும்.

பின்னாடி எடமும் பாக்கணும். கண்மாய் உள்வாய்ல நாட்டுக்கருவேலம், கரைல சீமைக்கருவேலம், பேக் காஸ்ட், அதாவது லைனப் பின்னாடி வீசுறது, அது போற வழி எல்லாம் முள்ளு. இதனாலதான் நம்ம ஊர்ல 60 அடி 70 அடி வீசுற பேச்சுக்கே அர்த்தமில்ல, 30 அடி 40 அடி துல்லியமா வீசுனாப் போதும், விரால் ஓரத்து மீனு. ரோல் காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, லைனப் பின்னாடி பறக்க விடாம தண்ணி மேலயே உருட்டி முன்னாடி தள்ளுறது, அத மொதல் வேலையா பழகிடுங்க.

எல்லாத் தண்ணியும் தூண்டில் போடுற தண்ணி இல்ல. ஊருணி குடிக்கிற தண்ணி, கால் நனைக்கவே ஊர்ல சம்மதிக்க மாட்டாங்க, அங்க ராடோட போயி நிக்கிறதே மரியாதை இல்ல. கோயில் குளத்து மீனத் தொடவே கூடாது. வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி பக்கம் பறவைகள் சரணாலயம், 1977-லேருந்து, வர்ற பறவைக்காக தீபாவளிக்கே வெடி போடாத ஊருங்க, அங்க நாம முள்ளு வீசப் போகலாமா. மத்த கண்மாய்க்கு மீன்பாசி ஏலம் போயிருக்கும், யாரு குத்தகை எடுத்திருக்காங்கன்னு டீக்கடைல கேட்டா சொல்லிடுவாங்க, நேரா போயி "ஐயா, ஒரு ரெண்டு மணி நேரம் தூண்டில் போட்டுக்கட்டுமா, புடிச்சத விட்டுடுவேன், எடுத்தா எடைக்குக் காசு குடுத்துடுறேன்"னு கேட்டா பெரும்பாலும் சரிம்பாங்க. அப்புறம் கோடைல தண்ணி வத்துனதும் ஊரே சேந்து கண்மாய் அழிக்கிற மீன்பிடித் திருவிழா வரும், பெரியவர் கரைல நின்னு வெள்ளத் துண்ட வீசுனதும் ஊத்தா, கச்சா, பரி, வலைன்னு சுத்துப்பட்டு சனம் மொத்தமும் உள்ள இறங்கும். அந்தத் தேதி சொல்லிட்டாங்கன்னா அதுக்கு முன்னாடி அந்தக் கண்மாய்ல தூண்டில் போடாதீங்க. அது எல்லாருக்குமான மீனு.

இப்ப ராடுக்கு வருவோம். மேல சொன்னதெல்லாம் சேத்துப் பாத்தீங்கன்னா நமக்கு வேண்டியது என்னன்னு தெரியும்: நீளமா வீச வேண்டாம், ஆனா பாப்பர் மாதிரி காத்தப் பிடிக்கிற பெரிய ஃப்ளைய தூக்கணும், கோரைக்குள்ள ஓடுற விரால நிறுத்துற பலம் வேணும், சூடான தண்ணில மீன ரொம்ப நேரம் போராட விடாம சீக்கிரம் கரைக்குக் கொண்டாரணும். இந்த நாலுக்கும் 5 வெயிட் பத்தாது. 9 அடில 6 அல்லது 7 வெயிட், மீடியம் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், நாலு துண்டாப் பிரியுறது. ஒரே ராடுதான் வாங்குவேன்னா நான் 7 சொல்லுவேன். விரால விட ஜிலேபியும் கெண்டையும்தான் ஆசைன்னா 6. அவ்வளவுதான்.

ஃபாஸ்ட் ஆக்‌ஷன் முழுசா இருக்குற ராடு ஏன் வேண்டாம்ங்குறேன்னா, அது நுனில மட்டும் வளையும், நிறைய லைன் வெளில இருக்கும்போதுதான் அதுக்கு உயிர் வரும். 30 அடில அது குச்சியாட்டம் நிக்கும், புதுசா பழகுற கைக்கு ராடு எப்ப வளையுது எப்ப நிமிருதுன்னே தெரியாது. மீடியம் ராடு நடு வரைக்கும் வளையும், கை அத உணரும், நேரம் தானாப் பிடிபடும். கம்மி விலை ராடு பெரும்பாலும் மீடியமாத்தான் இருக்கும், அத ஒரு கொறையா விமர்சனத்துல எழுதுவாங்க, நம்ம கண்மாய்க்கு அதுவே வசதி. கிளாஸ் ஃபைபர் ராடும் நல்ல யோசனைதான், கொஞ்சம் கனம், மெதுவா வளையும், ஆனா லேசுல ஒடியாது, சைக்கிள்ல பைக்ல கட்டிட்டுப் போறவங்களுக்கு, வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குறவங்களுக்கு கார்பன விட அது தாங்கும்.

கம்பெனி பேரு கேப்பீங்க. வெளிநாட்டுல பட்ஜெட்னு சொல்ற வரிசைல எக்கோ பேஸ், ரெடிங்டன் பாத், ஆர்விஸ் கிளியர்வாட்டர் எல்லாம் நல்ல ராடுங்க, சந்தேகமே இல்ல. ஆனா நம்ம கைக்கு வந்து சேரும்போது கப்பல் கூலி, கஸ்டம்ஸ் எல்லாம் சேந்து அது பட்ஜெட்டா இருக்காது. இன்னொண்ணும் யோசிங்க, கிளியர்வாட்டருக்கு 25 வருஷ கேரண்டி, அந்தக் கேரண்டிக்கான காசும் விலைக்குள்ள இருக்கு, ஒடிஞ்ச துண்ட காரைக்குடிலேருந்து அமெரிக்காவுக்கு அனுப்பி வாங்குற செலவுக்கு இன்னொரு ராடே வாங்கிடலாம். அதனால ஆறாயிரம் ஏழாயிரத்துக்குள்ள நம்ம ஊருக்கே டெலிவரி ஆகுற மேக்ஸ்கேட்ச் மாதிரி சீன ராடு ஒண்ணு போதும்னுதான் நான் சொல்லுவேன், கூட நுனித் துண்டு ஒண்ணு உபரியா குடுக்குற மாடல் கெடச்சா அத எடுங்க, ஒடியுறது எப்பவும் நுனிதான். ஐஎம்6, ஐஎம்8, 30 டன், 40 டன்னு அட்டைல எழுதியிருக்குறதப் பாத்து மயங்காதீங்க. அது கார்பன் நாரோட விறைப்பச் சொல்லும், ராடு எவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்காங்கன்னு சொல்லாது. விறைப்பு கூடக் கூட ராடு லேசாகும், அடி பட்டா ஒடியுறதும் கூடும்.

பார்சல் வந்ததும் பாருங்க. நாலு துண்டையும் சேத்து, ஒரு கண்ண மூடி அடிலேருந்து நுனி வரைக்கும் வளையம் எல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு பாருங்க. 9 அடி ராடுக்கு குறைஞ்சது 10 வளையமாவது இருக்கணும், கொறைஞ்சா லைன் தொங்கும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் பஞ்ச விட்டு இழுங்க, எங்கயாவது நூல் மாட்டுச்சுன்னா அங்க பிசிறு இருக்கு, அது லைன அறுத்துடும். துண்டுங்க சேர்ற எடத்துல ஆட்டம் இருக்கக்கூடாது, முழுசா உள்ள போயி முட்டவும் கூடாது, லேசா ஒரு இடைவெளி தெரிஞ்சா நல்லது, தேய தேய உள்ள இறங்குறதுக்கு அந்த எடம் வேணும். ரீல் மாட்டுற எடத்துல திருகு இறுக்கமா நிக்கிதான்னு பாருங்க, மர வேலைப்பாடா உலோகமாங்குறதெல்லாம் அழகுக்கு, உலோகம் நம்ம வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் தாங்கும். கார்க் பிடில மாவு பூசி அடைச்ச ஓட்டை நிறைய இருந்தா கொஞ்ச நாள்ல உதிரும், ஆனா அதுக்காக நல்ல ராட திருப்பி அனுப்ப வேண்டாம்.

ராடுல மிச்சம் புடிச்ச காச லைன்ல போடுங்க. இத நான் அழுத்திச் சொல்லணும், ஏன்னா எல்லாரும் தலைகீழாத்தான் செய்யுறாங்க, பத்தாயிரத்துக்கு ராடு வாங்கிட்டு கூட ஓசில வந்த லைன மாட்டிக்கிறாங்க. குளிர் நாட்டு ட்ரௌட்டுக்குச் செய்யுற லைன் நம்ம வெயில்ல தொள தொளன்னு ஆயிடும், மேல் பூச்சு பிசுபிசுன்னு வளையத்துல ஒட்டும், எவ்வளவு நல்ல ராடா இருந்தாலும் வீச்சு போகாது. வெப்ப நாட்டுக் கடலுக்குன்னு 'ட்ராபிக்கல்'னு எழுதி ஒரு வகை வரும், உள் நரம்பும் மேல் பூச்சும் விறைப்பா இருக்கும், அதான் நமக்கு. சயன்டிஃபிக் ஆங்லர்ஸ், ரியோ, கார்ட்லண்ட்னு பெரிய கம்பெனி எல்லாத்துலயும் இருக்கு. மிதக்குறது, வெயிட் ஃபார்வேர்டு, அதாவது கனம் முன் பக்கம் இருக்குறதுன்னு பாத்து வாங்குங்க. அந்த லைன் விலை ராடு விலைக்குச் சமமா வரலாம், வரட்டும்.

கம்மி விலை லைன் வாங்குனா இன்னொரு சிக்கல், பெட்டில 6ன்னு போட்டிருக்கும், உள்ள 5-ஓ 8-ஓ எதுவோ இருக்கும். 1961-லேயே இதுக்கு ஒரு அளவு வச்சிட்டாங்க, நுனில இருக்குற ஒல்லித் துண்ட விட்டுட்டு மொத 30 அடி லைனோட எடை. 5 வெயிட்டுக்கு 140 கிரெய்ன், 6-க்கு 160, 7-க்கு 185, 8-க்கு 210. கிராம்ல சொன்னா 9.1, 10.4, 12, 13.6. நம்ம ஊர்ல இத சரிபாக்குறது ரொம்ப சுலபம், தெருவுக்கு ஒரு நகைக்கடை இருக்கு. 30 அடிய அளந்து சுருட்டி தெரிஞ்ச கடைத் தராசுல வைங்க. 6 வெயிட் லைன் கிட்டத்தட்ட 1.3 பவுன் நிக்கணும், 7-னா ஒன்றரைப் பவுன், 8-னா 1.7. ஒன்றரைப் பவுன் காட்டுனா அந்த லைன 7 வெயிட் ராடுல போடுங்க, பெட்டில என்ன எழுதியிருந்தாலும் சரி.

ரீல் பத்தி யோசிக்கவே வேண்டாம். கண்மாய் மீனுக்கு ரீல்ங்குறது லைன சுத்தி வைக்கிற எடம், கையாலதான் இழுக்கப் போறீங்க. இருக்குறதுல கம்மி விலை அலுமினிய ரீல் எடுங்க.

ரீலே இல்லாம ஒரு வழியும் இருக்கு. ஜப்பான்ல மலை ஓடைக்குன்னு டென்காரான்னு ஒரு முறை, மடக்கி நீட்டுற 11, 12 அடி ராடு, நுனில நேரா லைனக் கட்டி, முனைல ஃப்ளை. நம்ம ஊர் மூங்கில் தூண்டிலப் புடிச்சு வளந்த கைக்கு அது புதுசே இல்ல, எங்க அப்பத்தா வீட்டு எரவானத்துல சொருகி வச்சிருந்த மூங்கில் கம்பும் அதே வேலையத்தான் பாத்துச்சு. ஜிலேபிக்கும் கெண்டைப் பொடிக்கும் அது போதும், வயக்காட்டுக் கிணத்து மேட்டுல, மடை ஓரத்துல அருமையா இருக்கும். விராலுக்கு வேண்டாம், ஓடுனா விட்டுக் குடுக்க லைன் இல்ல, நுனி போயிடும். பணமே இல்ல ஆனா பழகணும்ங்குற காலேஜ் பசங்களுக்கு நான் இதத்தான் சொல்றது.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைங்கள்ல எப்பவாவது பித்தள ரீலோட ஒரு பழைய ஸ்பிளிட் கேன் ராடு கண்ணுல படும். மூங்கில ஆறு பட்டையா இழைச்சு ஒட்டி செஞ்சது, பாத்தா எடுத்துட்டுப் போயிடலாமான்னு இருக்கும். சுவத்துல மாட்ட வாங்குங்க, தண்ணிக்கு வேண்டாம். அந்தக் காலத்துப் பசை நம்ம வெக்கைல காஞ்சு விட்டிருக்கும், மொத பெரிய மீனுக்கே பட்டை பிரியும்.

ஃப்ளை நீங்களே கட்டுங்க. கறிக்கடைல சேவல் கழுத்து இறகு சும்மாவே குடுப்பாங்க, வெளிநாட்டுல இந்தியச் சேவல் தோல்னு இதத்தான் காசு குடுத்து வாங்குறாங்க. பிஞ்ச ரப்பர் செருப்ப வட்டமா வெட்டி முள்ளுல ஒட்டுனா பாப்பர், முள்ளு முனைக்கு முன்னாடி தடிமனான தங்கூஸ வளைச்சுக் கட்டிட்டா கோரைல மாட்டாது. விராலுக்குப் பல்லு உண்டு, அதனால கடைசி ஒரு அடிக்கு 20 பவுண்டு தங்கூஸுக்குக் கீழ போகாதீங்க. உயிர்த் தவளைய முள்ளுல கோத்துப் போடுற பழக்கம் இன்னும் இருக்கு, செருப்பு ரப்பர்ல செஞ்ச தவளைக்கே விரால் அடிக்கும்போது அந்தப் பாவம் நமக்கு எதுக்கு.

வெயில் பத்தி இன்னும் கொஞ்சம். ராடையும் லைனையும் பூட்டுன கார்ல வச்சிட்டு சாப்பிடப் போயிடாதீங்க, உள்ள இருக்குற சூட்டுல லைன் பூச்சு கெட்டுடும், பசை இளகும். கொசு மருந்து பூசுன கையால லைனத் தொடாதீங்க, டீட் இருக்குற மருந்து பிளாஸ்டிக்க அரிக்கும், உள்ளங்கைல படாம பொறங்கையால தேச்சுக்கங்க. கார்பன் ராடு கரண்ட்ட கடத்தும். கண்மாய்க் கரைக்கு மேல கரண்ட் கம்பி போற எடம் நம்ம பக்கம் நிறைய, வீசுறதுக்கு முன்னாடி மேல பாருங்க. கோடை மழைக்கு மேகம் கூடி இடி சத்தம் கேட்டா ராடக் கீழ வச்சிட்டு கரைய விட்டு இறங்கிடுங்க, வெட்டவெளில 9 அடி கார்பன் கம்பியோட நிக்கிறது உயிர் போற விஷயம். அந்த மழை பெரிய மழையா இருந்தா மறுநாள் போகாதீங்க, மேல் தண்ணி கீழ் தண்ணி கலந்து, கரையோர அழுக்கெல்லாம் உள்ள வந்து ஆக்சிஜன் திடீர்னு இறங்கும், சில கண்மாய்ல மீன் செத்து மெதக்குறதே அதனாலதான். ரெண்டு மூணு நாள் கழிச்சு, புதுத் தண்ணி வர்ற வரத்துக்கால் வாய்ல போயி நில்லுங்க, எல்லா மீனும் அங்கதான் ஏறி நிக்கும்.

புடிச்ச மீன விடுறதா இருந்தா தண்ணிக்குள்ளயே வச்சு முள்ளக் கழட்டுங்க, கைய நனைச்சுட்டுத் தொடுங்க, முள்ளுல இருக்குற எதிர் முள்ள முன்னாடியே குறட்டால நசுக்கிடுங்க. சுட்ட கல்லு மேல போட்டு போட்டோ எடுக்காதீங்க, அந்தக் கல்லு நம்ம காலயே சுடும், செதிலுக்கு மேல இருக்குற வழவழப்பு போச்சுன்னா மீனுக்கு நோய் புடிச்சிடும். விரால் தாங்கும், கட்லாவும் ரோகும் தாங்காது. சாப்பிட எடுக்குறதா இருந்தா தேவைக்கு ஒண்ணோ ரெண்டோ எடுத்து உடனே அடிச்சு முடிச்சுடுங்க, சாக்குல கட்டித் துடிக்க விடாதீங்க.

கத்திரி வெயில்ல கண்மாய் வத்திக் கெடக்குற மாசத்த வீணாக்காதீங்க, வீசப் பழக அத விட நல்ல நேரம் இல்ல. ஸ்கூல் கிரவுண்டுல சாயங்காலம் 5 மணிக்கு மேல போயி, ஃப்ளைக்குப் பதிலா ஒரு துண்டு கம்பளி நூலக் கட்டி, 30 அடில ஒரு பழைய சைக்கிள் டயரப் போட்டு அதுக்குள்ள நூல் விழுற வரைக்கும் வீசுங்க. புல்லுத் தரையா பாருங்க, சிமெண்டுலயும் செம்மண் கப்பிலயும் இழுத்தா லைன் பூச்சு போயிடும். தினம் ஒரு அரை மணி நேரம் போதும், கை வலிக்க ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. வீட்டுக்கு வந்து லைன லேசான சோப்புத் தண்ணில தொடச்சு நிழல்ல காய வச்சு சுத்தி வைங்க.